காலையில் ஊன்றும் முதல் அடி



இம்மாதம் ஒரு சிறிய காரியத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். சிறியது என்று நான் எண்ணியதே என் தவறு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுகிறேன்.

சயானில் கூடிவரும் நம்முடைய சபையில் ஒரு சகோதரி இருக்கிறார்கள். வயது நாற்பத்து நான்கு. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்து சென்று நான்கு வீடுகளில் வேலை செய்துவந்தார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, ராத்திரி படுக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்து காலை ஊன்றினால், குதிகாலில் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது" என்றார்கள். நான் ஜெபித்தேன். பிறகு, "வயதாகிறதல்லவா அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஜெபித்ததில் குற்றமில்லை. அதற்குப் பின் சொன்ன வார்த்தையில்தான் குற்றம் இருந்தது. அவர்கள் என் சொல்லை நம்பிப் பொறுத்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் நொண்டி நொண்டி நடந்தார்கள். நான்கு வீடுகளில் இரண்டு கைவிட்டுப் போயின. அதை என் மனைவி சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அந்த வலிக்கு ஒரு பெயர் உண்டு. அதற்குச் செய்யத்தக்க எளிய காரியங்களும் உண்டு. அவற்றை அன்றே நான் அறிந்திருந்தால் இரண்டு வீட்டுச் சம்பளம் போயிருக்காது. ஆகவே, அதன்பின் கேட்டும் வாசித்தும் கற்றுக்கொண்டதை உங்களுக்காக எழுதுகிறேன்.

இது என்ன வலி?

நம் மக்கள் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். மருத்துவர்கள் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். குதிகால் எலும்பின் அடியிலிருந்து புறப்பட்டு, உள்ளங்கால் வழியாக விரல்களின் அடிவரை செல்லும் தடித்த, நார் போன்ற ஒரு பட்டை நம் ஒவ்வொருவருடைய பாதத்திலும் இருக்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்பது இதுவே. உட்கார்ந்துகொண்டு உங்கள் கால் பெருவிரலை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். உள்ளங்காலின் வளைவு உயர்வதையும், ஒரு பட்டை கயிற்றைப்போல் விறைப்பதையும் கையால் தொட்டு உணரலாம். ஒவ்வொரு அடியிலும் குதிகாலைத் தூக்கும்போது இந்தக் கயிறு இப்படியே இழுக்கப்படுகிறது.

தாங்கக்கூடியதற்கு மேலாக நாள்தோறும் சுமை ஏறினால், குதிகாலோடு இணைகிற இடத்தில் இந்தப் பட்டை நைந்து தடித்துவிடுகிறது. இரவு முழுவதும் பாதம் தளர்ந்து கிடக்கையில் அது சுருங்கி விறைத்துக்கொள்ளுகிறது. விடியற்காலையில் முழு உடல் பாரத்தையும் திடீரென்று அதன்மேல் வைக்கும்போது சுரீரென்று வலிக்கிறது. பத்துப் பதினைந்து அடி நடந்தால் வலி சற்றுத் தணியும். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும், நாள் முழுவதும் நின்றாலும் மறுபடியும் வரும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது இது வருகிறது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் மிகுதியாக வருகிறது. ஆனாலும் இது முதுமையின் அடையாளமல்ல, சுமையின் விளைவு.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் சிலர், "எலும்பு வளர்ந்திருக்கிறதாம் பாஸ்டர், அறுக்கவேண்டுமோ?" என்று அஞ்சுகிறார்கள். குதிகாலில் முள்போல் எலும்பு துருத்தியிருப்பது வலியே இல்லாத அநேகரிடத்திலும் காணப்படுகிறது. அந்த முள் குத்துவதால் வலி வருகிறது என்று எண்ணிக் கலங்கவேண்டாம். அறுவை சிகிச்சை வெகு சிலருக்கே, வேறெதுவும் பலிக்காதபோது, கடைசியாக வருகிறது.

நமக்கு ஏன் வருகிறது?

நம்முடைய வாழ்க்கையைச் சற்று எண்ணிப்பாருங்கள். தாராவியில் விடியுமுன்னே எழுந்து இட்லி அவித்துச் சுமந்து விற்கிறவர்கள், நாள் முழுவதும் நின்றுகொண்டே தையல் துணி வெட்டுகிறவர்கள், செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்குமாடிகளில் வேலை செய்கிறவர்கள், ரயில் நிலையப் படிகளில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள், காவலாளிகளாக நிற்கிறவர்கள் நம்மில் அநேகர். எல்லாரும் நிற்பது கடினமான தரையில். வீட்டிலோ வெறுங்கால். வெளியிலோ குதிகால் பக்கம் தேய்ந்து காகிதம்போலான ரப்பர் செருப்பு. நம் சால் வீடுகளில் மாடிக்கு ஏற இரும்பு ஏணி. அதில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஏறுகிறோம். குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில். ஆகையால் நம் சகோதரிகளுடைய நாளின் முதல் அடியே பாரம் சுமக்கிற அடியாக இருக்கிறது!

நடை திடீரென்று கூடுவதும் ஒரு காரணம். சயான் ரயில் நிலையத்தருகே 1912ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி போக்குவரத்துக்கு மூடப்பட்டபோது, வாகனத்தை விட்டிறங்கிச் சுற்றி நடந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். உடல் எடை கூடுவதும், கெண்டைக்கால் தசை இறுகிக் கணுக்கால் நன்றாக மடங்காமல் இருப்பதும் மற்ற காரணங்கள்.

இன்னொரு காரணத்தையும் நான் மறைக்கக்கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சலவைக்கல் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நின்று ஆராதிக்கிற வழக்கம் நமக்கு உண்டு. குதிகால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்துகொள்ளுங்கள்; அல்லது காலின்கீழ் மடித்த பாய் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அருகிலிருப்பவர் முகம் சுளிக்கவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

டேப் என்ன செய்யும்?

அந்தச் சகோதரியை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த பிசியோதெரபி மருத்துவர் அவர்களுடைய பாதத்தில் வெள்ளை டேப்பைச் சில பட்டைகளாக ஒட்டி, "நடந்து பாருங்கள்" என்றார். நடந்தார்கள். முகம் மலர்ந்தது. மறுநாள் காலையில், "ஐயா, இன்றைக்குக் குடம் தூக்க ஆள் தேடவில்லை" என்று போனில் சொன்னார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பாதத்தின் வளைவு ஒவ்வொரு அடியிலும் சற்றுத் தாழ்கிறது. தாழும்போது அடியிலுள்ள பட்டை இழுபடுகிறது. வெளியிலிருந்து டேப் அந்த வளைவைத் தாங்கிக்கொண்டால், பட்டைக்கு வரும் இழுப்புக் குறைகிறது. இம்முறை டை என்னும் அமெரிக்கப் பாத மருத்துவரின் பெயரால் லோ டை முறை என்று அழைக்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 92 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு வாரம் கவனித்தார்கள். டேப் ஒட்டிக்கொண்டவர்களுக்குக் காலையின் முதல் அடி வலி மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் குறைந்தது. சிலருக்கு இறுக்கமும் தோல் அரிப்பும் ஏற்பட்டன. நன்மை உண்டு, ஆனால் அது சில நாட்களுக்கான நன்மை என்பதைக் கவனியுங்கள்.

ஒட்டும் விதம்

மருந்துக் கடையில் லியூக்கோபிளாஸ்ட் போன்ற, இழுத்தால் நீளாத டேப்பை வாங்குங்கள். ஒன்றரை அங்குல அகலம் போதும். முதல் தடவை பிசியோதெரபி மருத்துவரிடம் ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்துக் கற்பது நலம். தனக்குத்தானே ஒட்டுவது கடினம்; வீட்டில் ஒருவர் உதவவேண்டும்.

1. பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். தேங்காய் எண்ணெயோ தைலமோ தடவியிருந்தால் டேப் நிற்காது. வெடிப்போ புண்ணோ இருந்தால் ஒட்டவேண்டாம்.

2. வலியுள்ளவர் கட்டிலில் காலை நீட்டி, பாதம் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி அமரட்டும். கணுக்கால், நிற்கும்போது இருப்பதுபோல் செங்குத்தாக இருக்கட்டும்.

3. முதல் பட்டையைச் சுண்டுவிரலின் அடி மூட்டுக்குச் சற்றுப் பின்னே, பாதத்தின் வெளிப்புற ஓரத்தில் தொடங்குங்கள். ஓரமாகவே கொண்டுபோய், குதிகாலின் பின்புறத்தைச் சுற்றி, உட்புற ஓரமாகக் கொண்டுவந்து, பெருவிரலின் அடி மூட்டுக்குச் சற்றுப் பின்னே முடியுங்கள். முடிக்கும்போது பெருவிரலின் அடிமூட்டை இலேசாகக் கீழ்நோக்கி அழுத்திக்கொள்ளுங்கள். பட்டை கணுக்கால் எலும்புகளுக்குக் கீழேயே செல்லவேண்டும். இதன்மேல் சற்றுத் தள்ளி இன்னொரு பட்டையையும் அப்படியே ஒட்டுங்கள்.

4. இப்பொழுது உள்ளங்காலுக்குக் குறுக்கே சிறு பட்டைகள். வெளிப்புற ஓரத்தில் தொடங்கி, உள்ளங்கால் வழியாக உட்புற ஓரத்துக்குக் கொண்டுவந்து, வளைவை மேலே தாங்குவதுபோல் இலேசாக இழுத்து ஒட்டுங்கள். குதிகாலுக்கு முன்னே ஆரம்பித்து, ஒன்றின் பாதியை மற்றொன்று மூடும்படி மூன்று அல்லது நான்கு பட்டைகள் போதும். பாதத்தின் மேற்புறத்தைச் சுற்றிக் கட்டவே கூடாது; இரத்த ஓட்டம் தடைப்படும்.

5. முனைகள் எழும்பாதிருக்க, முதலில் ஒட்டியதுபோலவே ஓரமாக ஒரு பட்டையை ஒட்டி முடியுங்கள்.

எழுந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். பாதம் தாங்கப்பட்டதுபோல் இருக்கவேண்டும், நசுக்கப்பட்டதுபோல் இருக்கக்கூடாது. விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, அரிப்பெடுத்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குமேல் ஒரே டேப்பை வைத்திருக்கவேண்டாம். மழைக்காலத்தில் நனைந்துபோனால் அன்றே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல், வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரியுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வீட்டில் டேப் ஒட்டவே வேண்டாம். அதன்கீழ் புண் உண்டானாலும் உங்களுக்குத் தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்த கால் உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றாம் வாரத்தில் நடந்தது

டேப் ஒட்டி இரண்டு வாரம் அந்தச் சகோதரி நன்றாக நடந்தார்கள். வலி போய்விட்டது என்று எண்ணி, மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விட்டுவிட்டார்கள். இழந்ததை ஈடுகட்ட, புதிதாக ஒரு வீட்டையும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாம் வாரத்தில் டேப்பை நிறுத்தியபோது வலி முன்னிலும் அதிகமாகத் திரும்பியது. "டேப்பும் பொய்யாகிவிட்டது ஐயா" என்று அழுதார்கள்.

பிரியமானவர்களே, இவ்விடத்தில்தான் அநேகர் தவறுகிறோம். டேப் பொய்யல்ல. அது சுகமாக்குகிற மருந்தும் அல்ல. வலியைச் சில நாள் தள்ளிவைத்து, நமக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே சுகம் வரும். செய்யவேண்டியவை இரண்டு.

முதலாவது, பட்டையை இழுத்துத் தளர்த்துவது. காலையில் தரையில் காலை வைப்பதற்கு முன்பாகவே படுக்கையில் உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்றத் தொடையின்மேல் மடித்து வையுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து, முழங்காலை நோக்கி இழுங்கள். பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுங்கள். இப்படிப் பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட குதிகால் வலியுள்ள 101 பேரைச் சேர்த்திருந்தார்கள். எட்டு வாரத்தில், குதிநாணை மட்டும் இழுத்தவர்களைவிட இப்படி உள்ளங்காலை இழுத்தவர்களுக்கு அதிக நன்மை கிடைத்தது. தண்ணீர் வரும் சத்தம் கேட்டாலும் இந்த மூன்று நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். குடத்தை அதுவரை வேறொருவர் வைக்கட்டும்.

இரண்டாவது, பட்டையைப் பலப்படுத்துவது. மாடிப்படியின் கீழ்ப்படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். விரல்களின்கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். மூன்று எண்ணும்வரை குதிகாலை மெதுவாக உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணும்வரை இறக்குங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள். தொடக்கத்தில் இரண்டு கால்களாலும், பலம் வந்தபின் ஒற்றைக் காலாலும் செய்யலாம். டென்மார்க்கில் 48 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், இப்படிச் செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில், இழுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோல் தேறியிருந்தார்கள். ஆகவே படியேறி நிற்க இயலாத முதியோர் மனம் சோரவேண்டாம். இழுக்கும் பயிற்சியை மட்டும் விடாமல் செய்யுங்கள்.

செருப்பும் ஊசியும்

தேய்ந்த செருப்பை இன்றே ஒதுக்குங்கள். குதிகாலுக்கு மெத்தையும் வளைவுக்குத் தாங்கலும் உள்ள செருப்பைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று தயங்குகிறவர்கள், தெருவுக்குப் போகாத தனி ஜோடி ஒன்றைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் சொல்லுவதன் வரலாறு அறியத்தக்கது. 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் உணர்ச்சியற்ற பாதங்கள் ஏன் புண்படுகின்றன என்று ஆராய்ந்த அவரும் அவருடைய உடன்வேலையாட்களும், மிருதுவான மைக்ரோசெல்லுலர் ரப்பரால் செருப்புச் செய்து அந்தப் பாதங்களைக் காக்க முயன்றார்கள். கைவிடப்பட்டவர்களின் காலுக்காகச் செய்யப்பட்டது இன்று எல்லாருக்கும் உதவுகிறது.

சிலர் விரைவான சுகத்துக்காகக் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளுகிறார்கள். அது சில வாரங்கள் நிவாரணம் தரும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோகவும் இடமுண்டு. எலும்பு மருத்துவரின் ஆலோசனையோடுமட்டும் முடிவெடுங்கள். வலி மாத்திரைகளை நாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

குதிகாலில் வீக்கமோ சிவப்போ காய்ச்சலோ இருந்தாலும், விழுந்தோ குதித்தோ வலி தொடங்கியிருந்தாலும், குதிகாலின் இரு பக்கங்களையும் அழுத்தினால் கடுமையாக வலித்தாலும், எரிச்சலும் மரத்தலும் இருந்தாலும், ஓய்விலும் இரவிலும் வலித்தாலும் டேப்பை நாடவேண்டாம், மருத்துவரை நாடுங்கள். இளவயதினருக்கு இரு குதிகால்களும் வலித்து, காலையில் முதுகும் வெகுநேரம் விறைத்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். நம் சயானிலேயே லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கே எலும்பு மருத்துவப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் உண்டு.

மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்பார்கள் சிலர். ஆசா ராஜாவின் கால் வியாதியை எடுத்துக்காட்டுவார்கள். அந்த ராஜாவின் குறை கர்த்தரைத் தேடாததேயன்றி, காலைக் கவனித்தது அல்ல. லூக்காவும் ஒரு வைத்தியன்தானே!

அந்தச் சகோதரி பயிற்சியை மறுபடியும் தொடங்கினார்கள். முதல் மாதம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான்காம் மாதத்தில் டேப் இல்லாமலே மாட்டுங்காவுக்கு நடந்தார்கள். இந்த வலி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றி ஏறக்குறைய ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். இழந்த இரண்டு வீடுகளில் ஒன்று திரும்பக் கிடைத்தது. மற்றொன்று கிடைக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நான் சொன்ன வார்த்தை என் நினைவுக்கு வருகிறது.

அவர்களுக்கு இப்பொழுது டேப் ஒட்டத் தேவையில்லை. ஆனால் ஒட்டிய நாட்களில் ஒட்டியவர் அவர்களுடைய கணவர். இருபது ஆண்டில் மனைவியின் காலைத் தொட்டுப் பார்த்தது அதுவே முதல் தடவை என்று அவர் என்னிடம் வெட்கத்தோடு சொன்னார். நம் சபைகள் சிலவற்றில் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுகிற வழக்கம் உண்டு. அதை வீட்டிலும் தொடங்கலாம். இன்று இரவு உங்கள் வீட்டில் நொண்டி நடக்கிறவர் யார் என்று பாருங்கள். "வயதாகிறது" என்று சொல்லிவிடாதீர்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள்.

கர்த்தர் உங்கள் வழிநடையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.